மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன்னால்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாவது நாள், பள்ளிக்கூட வாசலில் வைத்து ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "சார், அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கியாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பத்தாயிரம் கட்டுனா பாப்பா பேர்ல எடுத்து வச்சிருவாங்களாம். கட்டிரட்டுமா?"

முக்கூடல் பக்கம் குத்தகைக்கு வாழை போடுகிறவர் அவர். மனைவி பீடி சுற்றுகிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள். பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 158. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போகிறவள் அவள்தான். அந்தப் பத்தாயிரத்தைக் கட்டியிருந்தால், நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் ரூபாய் தேவையே இல்லாமல் அவர் கையை விட்டுப் போயிருக்கும். அது எப்படி என்பதை அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். திருநெல்வேலி மாவட்டம் அம்பை வட்டாரத்தில் அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் நான். ஒவ்வொரு மே மாதமும் இதே கேள்வி வேறு வேறு முகங்களில் வருகிறது.

முதல் வேலை: காகிதங்கள்

கல்லூரியைத் தேடுவதற்கு முன்னால் சான்றிதழ்களைத் தேடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கால் வைக்க இடம் இருக்காது, ஏப்ரலிலேயே போய்விடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூத்த பிள்ளை ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் இது கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பலர் மும்பையில் பிழைக்கிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளைக்கு நேட்டிவிட்டி சான்றிதழும் வேண்டும். அதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுகிற குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

பீடி சுற்றுகிற அம்மாவின் அடையாள அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை கொடுக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று வீட்டுக்கு வீடு பீடித்தட்டு இருக்கிற பகுதி நம்முடையது. ஆனாலும் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவாகத்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது: எந்த வகைக் கல்லூரி என்று பிரியுங்கள்

"தனியாரா, அரசா" என்று இரண்டாகப் பிரிப்பதில்தான் முதல் குழப்பம். நடுவில் ஒரு வகை உண்டு. நெல்லைச் சீமையின் பெரிய சொத்தே அதுதான்.

அரசு வகை முதலில். பொறியியலுக்கு, 1981-ல் தொடங்கிய திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகமே நடத்துகிற திருநெல்வேலி மண்டல வளாகம் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளாகத் தூத்துக்குடியில் வ.உ.சி. பொறியியல் கல்லூரியும், நாகர்கோவில் கோணத்தில் ஒன்றும் இருக்கின்றன. கலை, அறிவியலுக்குப் பெண் பிள்ளைகளுக்கான ராணி அண்ணா அரசுக் கல்லூரி, சுரண்டையில் காமராஜர் அரசுக் கல்லூரி. முதுகலைக்கு, 1990-ல் வந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி ஆகியவற்றின் பெயரைப் பொறியியல் மோகத்தில் யாரும் எடுப்பதே இல்லை.

நடு வகை, அரசு உதவி பெறும் கல்லூரி. நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பது. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்வது இந்தக் கல்லூரிகளை வைத்துத்தான்: சேவியர்ஸ், ஜான்ஸ், சாரா டக்கர், சதக்கத்துல்லா அப்பா. பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி, ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி. இங்கே புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரே வளாகத்துக்குள் எய்டட் பிரிவும் இருக்கும், அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவும் (எஸ்.எஃப்) இருக்கும். இரண்டுக்கும் பெயர்ப்பலகை ஒன்றுதான், கட்டணம் வேறு. விண்ணப்பம் வாங்கும்போதே "இது எய்டடா, எஸ்.எஃப்-ஆ?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பொறியியலில் இந்த வகை அபூர்வம். நமக்குப் பக்கத்தில் என்றால் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் எய்டட் இடங்கள்தான், அதற்குக் கட் ஆஃப் உயரமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சுயநிதிக் கல்லூரி. நாம் தனியார் கல்லூரி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பட்டத்தை அண்ணா பல்கலைக்கழகம்தான் தரும். நான்காவது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பட்டமும் அவர்களுடையது, கட்டணமும் அவர்கள் வைத்ததுதான். தனியார் கல்லூரிக் கட்டணத்தை நிர்ணயிக்கிற அரசுக் குழுவின் உத்தரவு அங்கே செல்லாது.

மூன்றாவது: ஒரே பெஞ்சு, இரண்டு விலை

இதை மட்டும் வாசித்துவிட்டு மீதியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்குள் போக இரண்டு வாசல். ஒன்று, அரசு நடத்துகிற கலந்தாய்வு. சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் இதற்கு ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று, கல்லூரி நிர்வாகமே நிரப்புகிற மேனேஜ்மெண்ட் கோட்டா. இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பட்டத்தைத்தான் வாங்குவார்கள்.

விலை ஒன்றல்ல. 2017-ல் அரசின் கட்டணக் குழு நிர்ணயித்ததைச் சொல்கிறேன். கலந்தாய்வு இடத்துக்கு வருடம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மெண்ட் இடத்துக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. நீங்கள் சேரும் வருடத்துக் கட்டணத்தைக் கல்லூரிப் பெயரோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நன்கொடை என்று கேட்டால், அது 1992-ன் நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம்.

உண்மையான வித்தியாசம் அந்த முப்பது, முப்பத்தைந்தாயிரத்தில் இல்லை, சலுகைகளில் இருக்கிறது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியே வந்தவர்களுக்கு மட்டும்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் மேனேஜ்மெண்ட் இடம் ஒத்துவராது. எல்லாவற்றையும் விடப் பெரியது 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் இது உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. அரசுக் கல்லூரியில் மட்டுமல்ல, தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான்.

முக்கூடல்காரர் மகளுக்கு இந்தத் தகுதி முழுசாக இருந்தது. முன்பணம் கேட்ட ஆள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. அவர் மீதும் முழுக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல கல்லூரிகளில் விரிவுரையாளர்களையே கோடை விடுமுறையில் இத்தனை பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் விலை கொடுக்கக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: நடுத்தர ரேங்க்கில் இருக்கிற தனியார் கல்லூரியில் கலந்தாய்வு வழியே, சலுகையோடு சேர்வது பல குடும்பங்களுக்குச் சரியான முடிவுதான். அதே கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்குக் கடன் வாங்குவது ஏறக்குறைய எப்போதுமே தவறு.

நான்காவது: நாலு வருடக் கணக்கை ஒரே தாளில் போடுங்கள்

முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கல்விக் கட்டணம், கல்லூரி பஸ் அல்லது விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் என்று எல்லாவற்றையும் நாலால் பெருக்கி, லேப்டாப்பையும் கூட்டி எழுதுங்கள். மேனேஜ்மெண்ட் இடத்தில் 87,000 என்றால் கட்டணம் மட்டும் 3,48,000. பஸ்ஸும் மற்றதும் சேர்ந்து 5 லட்சம் கடன் வாங்குவதாக வையுங்கள். வருடத்துக்கு ஒன்றேகால் லட்சமாக 10 விழுக்காடு வட்டியில் எடுத்தால், படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகும்போது தனிவட்டியே 1,75,000 ஏறியிருக்கும். மொத்தம் 6,75,000. பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 8,900 ரூபாய். வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு 15,000 சம்பளம் என்றால், சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போக அந்தத் தவணை எங்கிருந்து வரும்? இதைப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள்.

கடன் தேவைப்படுகிறவர்கள் வித்யாலட்சுமி இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

கூட்டலில் இதையும் சேருங்கள்: அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்நுட்பம் படிக்கும் பெண்கள் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் வருடம் 50,000. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் எழுதுங்கள். மேலப்பாளையத்திலிருந்து ராணி அண்ணாவுக்குப் போகிற பெண்ணுக்கு மூன்று வருடப் போக்குவரத்துச் செலவே கிடையாது.

ஐந்தாவது: விளம்பரத்தை விட்டுவிட்டுக் கல்லூரியைப் பாருங்கள்

நெல்லை வண்ணாரப்பேட்டை பாலத்தைத் தாண்டும்போது தெரிகிற தட்டிகளில் எல்லாக் கல்லூரியும் நூறு விழுக்காடு வேலைவாய்ப்புத்தான். ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால் அதை மூன்றாக எண்ணியிருப்பார்கள். உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. தேடினால் அரை மணி நேரத்தில் கிடைக்கும்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில் பங்கேற்கிற ஒவ்வொரு கல்லூரியும், தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். முகப்பிலேயே அந்தப் பெயரில் ஓர் இணைப்பு இருக்கும். பிள்ளையை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அதில் மூன்று எண்கள் போதும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நாலே வருடத்தில் அரியர் இல்லாமல் முடித்தார்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன. இடைநிலை என்றால், எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது. தட்டியில் பெரிதாகப் போடுவது வரிசையின் கடைசி ஆளின் சம்பளம். உங்கள் பிள்ளை நடுவில்தான் நிற்பான் என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள். 120 பேர் சேர்ந்த இடத்தில் 60 பேர்தான் காலத்தில் முடித்தார்கள் என்றால், வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம்.

தரவரிசை எண்ணையும் விசாரியுங்கள். பொறியியலில் முதல் நூறு பேருக்குத் தனித்தனி எண். அதற்குக் கீழே 101-150, 151-200, 201-300 என்று கட்டுக்கட்டாகத்தான் போடுவார்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. பார்க்க வேண்டிய பட்டியல். ஆனால் தன்னாட்சிக் கல்லூரி தன் கேள்வித்தாளைத் தானே தயாரித்துத் தானே திருத்துகிறது. அங்கே 90 விழுக்காடு தேர்ச்சி என்பதையும், தன்னாட்சி இல்லாத கல்லூரியில் 60 என்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அங்கீகாரத்திலும் வித்தியாசம் உண்டு. நாக் (NAAC) தரச்சான்று கல்லூரி முழுமைக்கும், என்.பி.ஏ. (NBA) தரச்சான்று பாடப்பிரிவு வாரியாக. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்.பி.ஏ.-வைக் காட்டிப் புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்ப்பார்கள்.

பிறகு ஒரு வேலை நாளில் நேரே போங்கள். முன்னறிவிப்பு வேண்டாம். வரவேற்பறை ஏசியில் உட்கார வைப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பஸ் ஏறக் காத்திருக்கிற மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம், "முதல் வருஷம் பாடம் எடுத்த சார், மேடம் எல்லாம் இன்னும் இருக்காங்களாப்பா?" என்று மட்டும் கேளுங்கள். ஆசிரியர் தங்காத கல்லூரியில் பாடம் தங்காது. 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்த விவகாரம் நினைவிருக்கும்: ஒரே ஆசிரியர் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது. தாளில் இருக்கிற பெயர் வகுப்பில் இருக்கிறதா என்பதைப் பிள்ளைகள்தான் சொல்ல முடியும்.

அரசுக் கல்லூரியையும் இதே கண்ணோடு பாருங்கள். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுகிற துறைகள் அங்கே உண்டு. பழைய இயந்திரங்கள் உண்டு. பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஃபோன் பண்ண ஆள் இருக்காது. நடுத்தரத் தனியார் கல்லூரி அதைச் செய்யும். ஆங்கிலம் பேசப் பழக்கும், திசையன்விளைக்கும் களக்காட்டுக்கும் பஸ் அனுப்பும். தட்டிக்கொடுத்தால்தான் நடக்கிற பிள்ளைக்கு அந்தக் கவனிப்பு பெரிய உதவி. அதற்குப் பணம் கொடுப்பது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தானாகப் படிக்கிற பிள்ளை என்றால் அரசுக் கல்லூரியில் கூடப் படிக்கிற கூட்டமே அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். உயர்ந்த கட் ஆஃப் எடுத்து உள்ளே வந்தவர்கள் நடுவில் நாலு வருடம் இருப்பதை எந்தத் தனியார் கல்லூரியும் விலைக்குத் தர முடியாது. அரசின் நான் முதல்வன் திட்டத் திறன் பயிற்சிகள் இரண்டு பக்கமும் வருகின்றன; அதைத் தங்கள் சரக்காகச் சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

ஆறாவது: கலந்தாய்வில் விருப்பம் கொடுப்பது (சாய்ஸ் ஃபில்லிங்)

கணக்கு மதிப்பெண் முழுசாக 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக 50-க்கு, மொத்தம் 200. அதுதான் கட் ஆஃப். பதிவுக் கட்டணம் 500. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 250. போன வருடம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தச் சமூகத்துக்கு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்பதைக் கலந்தாய்வு இணையதளத்திலேயே பார்க்கலாம்.

எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பத்தோடு நிறுத்தாதீர்கள். "கிடைக்காது" என்று நினைத்து அரசுக் கல்லூரியைக் கீழே போடாதீர்கள். கணினி மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கீழே இருப்பது தள்ளிப்போகாது. ஆசைப்படுகிற வரிசையில் எழுதுங்கள், அவ்வளவுதான். இடம் ஒதுக்கியதும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் இருக்கும். அந்த இரண்டு நாளில் கல்யாணம், கோயில் கொடை என்று எங்கேயும் போய்விடாதீர்கள்.

கட் ஆஃப் குறைவு என்றால்

பொறியியல்தான் வேண்டும் என்று பிள்ளை சொல்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரா? 110 கட் ஆஃபோடு, தேர்ச்சி விழுக்காடு 25 இருக்கிற கல்லூரியில் சேர்வதை விட, எய்டட் பிரிவில் பி.எஸ்சி. கணிதமோ பி.காம்-ஓ படித்துவிட்டு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அரசு இடத்தில் எம்.சி.ஏ. போவது செலவிலும் மேல், மரியாதையிலும் மேல். பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் வருடப் பொறியியலில் சேரும் வழியும் இருக்கிறது. கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு, எய்டட் கலைக் கல்லூரிகளுக்கும் மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். எய்டட் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக.

கடைசி வேலை: அசல் சான்றிதழ்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தம்பியை ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் இடத்தில் சேர்த்தோம். அப்பா இருந்த ஒரே வயலை ஒத்திக்கு வைத்தார். ஒரு செமஸ்டர் முடிவதற்குள் அவனுக்கு அது ஒட்டவில்லை. விலகப் போனபோது நாலு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிசி மூன்றும் அவர்கள் அலமாரியில். எங்களுக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியவில்லை. வயலை மீட்க ஆறு வருடம் ஆனது. தம்பிக்கு ஒரு வருடம் வீணாகப் போனது.

இன்று கேட்க வழி இருக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. விலகுகிறவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதில் விதி உண்டு. எதைக் கொடுத்தாலும் கையெழுத்து, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சான்றிதழ் எல்லாவற்றையும் முதலிலேயே ஸ்கேன் செய்து, பத்துப் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.

அந்தத் தகப்பனார் பத்தாயிரத்தைக் கட்டவில்லை. மகளுக்கு 7.5 ஒதுக்கீட்டில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்தது, அன்று முன்பணம் கேட்ட அதே கல்லூரியில். முதல் நாள் அலுவலகத்தில் கட்டணம் எவ்வளவு என்று அவர் கேட்டிருக்கிறார். "நீங்க கட்ட வேண்டியது ஒண்ணும் இல்லை அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கிறார்கள். நம்பாமல் இரண்டாம் தடவையும் கேட்டாராம்.